திருப்பத்தூர் மேடையில் விரித்த புலித்தோல் விஷயமாக

ஆம்பூர்
14-2-1933

ஸ்ரீ பால சந்திரோதய நாடக சபையின் முதலாளியும், முப்பது பையன்களுக்கு வாத்தியாரும், ஒரு வாரமாக என்மேல் தீராத கோபத்தில் இருப்பவருமான அருணகிரி வாத்தியார் அவர்களுக்கு, உங்கள் கம்பெனியில் பெண் வேஷம் போடும் இருதயராஜின் ஆயா சவுரியம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் என் வெள்ளாடும் சுகம். அங்கே எல்லோரும் சுகமா என்று பொதுவாகக் கேட்க எனக்கு முகமில்லை. பரமசிவன் வேஷம் போட்ட பையன் சாமிநாதனுக்கு எறும்பு கடித்த இடம் இன்னும் எரிகிறதாமே, அதை மட்டும் விசாரிக்கிறேன். விளக்கெண்ணெய் தடவச் சொல்லுங்கள். உட்காரும்போது தலையணை கொடுங்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள், ஆகையால் படித்துச் சொல்ல யாரையும் கூப்பிடவில்லை, நானே மூன்று தரம் படித்தேன். முதல் தரத்தில் உங்கள் கோபம் புரிந்தது. இரண்டாம் தரத்தில் ‘சபையின் மானம்’ என்று ஆறு இடத்தில் எழுதியிருப்பது தெரிந்தது. மூன்றாம் தரத்தில்தான் கடைசி வரி கண்ணில் பட்டது. ‘புலித்தோலின்மேல் தானே தண்ணீர் ஊற்றிக் கெடுத்ததாக இருதயராஜ் ஒப்புக்கொண்டபடியால், அவனை வரும் சனிக்கிழமை பாசஞ்சரில் ஏற்றி அனுப்புகிறோம், அழைத்துக்கொள்ளவும்.’ வாத்தியாரய்யா, இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை காகிதம் செலவு செய்கிறேன். அவனை அனுப்பாதீர்கள். அவன் பொய் சொல்கிறான். தண்ணீர் ஊற்றவில்லை, ஒன்றும் ஊற்றவில்லை.

அவன் யார், நான் யார் என்று உங்களுக்கு முழுக்கத் தெரியாது. அவன் தாய் ஆரோக்கியமேரி எனக்கு ஒரே மகள். பிள்ளைக்கு நாலு வயசில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன தகப்பன் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தாயும் நான், தகப்பனும் நான். பள்ளிக்கூடத்தில் தாய் தகப்பன் வந்திருக்கிறார்களா என்று கேட்டால் இரண்டு தரம் கை தூக்குவேன். பன்னிரண்டு வயசானதும் அவனைத் தோல் ஷாப்பில் சேர்க்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் அங்கே தோல் பதனிடும் பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். சவப்பெட்டியில் வைக்கும்போதும் அவர் கை ஆவாரம்பட்டை நிறமாகத்தான் இருந்தது. பையன் கை அப்படியாக எனக்கு மனசில்லை. அவனோ குடத்தை இடுப்பில் வைத்து என்னைப்போலவே நடப்பான், என் குரலிலேயே தெருக்காரர்களைத் திட்டுவான். நான் திட்டினதாக நினைத்து நாலு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கம்பெனி ஆம்பூரில் கொட்டகை போட்டபோது நானே கையைப் பிடித்து அழைத்து வந்தேன். “இன்னா சவுரி, பேரனைக் கூத்தாடியாக்கப் போறியா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் “ஆமா, அதுக்கு இன்னா இப்போ?” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினீர்கள். நான் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணாமல் வரவேண்டுமே என்ற கவலையில், அதற்குமேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மறந்துவிட்டேன். மூன்று வருஷம் பையன் வீட்டுக்கு வரக்கூடாது என்று எழுதியிருந்ததாம். அஞ்சாம் கிளாஸ் படித்தவள் செய்கிற காரியமா அது?

முதல் கிறிஸ்துமசுக்கு ஒரே ஒரு நாள் அனுப்பும்படி கேட்டேன். ‘எங்கள் கம்பெனியில் லீவு என்ற பார்ட் கிடையாது’ என்று கார்டு போட்டீர்கள். ஈஸ்டருக்குக் கேட்டேன், அதே கார்டு. போன கிறிஸ்துமசுக்கும் கேட்டேன், கார்டுகூட வரவில்லை. இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவன் சாப்பிட்ட தட்டைத் தினமும் கழுவி வைக்கிறேன், தூசி படியக்கூடாதே என்றுதான், வேறொன்றுமில்லை. உலைக்கு அரிசி எடுத்தால் கை தானாக இரண்டு பேருக்கு எடுத்துவிடுகிறது. மிச்சச் சோற்றைத் தின்று தின்று வெள்ளாடு இப்போது கதவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் வருகிறது. அவன் குரலில் யாராவது திட்டமாட்டார்களா என்று சில நாள் வாசலிலே நிற்பேன். போகட்டும்.

மார்கழி பிறந்ததும் அவன் எழுதினான். ‘ஆயா, திருப்பத்தூரில் எனக்குப் பார்வதி வேஷம். இத்தனை நாளும் தோழியாகவும் தோழிக்குத் தோழியாகவும் நின்றேன், இப்போது பார்வதி. ஆனால் சிவன் உட்காரும் புலித்தோலை எலி தின்றுவிட்டது. கோணியில் கோடு போட்டு விரிக்கலாம் என்று வாத்தியார் சொல்கிறார்.’ எனக்கு மானம் போய்விட்டது. சீமைக்கெல்லாம் தோல் அனுப்புகிற ஊரில் பிறந்த பிள்ளை, கோணிப்பையின் பக்கத்திலா பார்வதியாக நிற்பது? தோலுக்கு நான் பொறுப்பு என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டு, தோல் ஷாப்பு மேஸ்திரி கலீமுல்லாவைப் பார்க்கப் போனேன். என் வீட்டுக்காரருக்கு அவர் தோஸ்த்.

“இன்னாக்கா, புலியா? ஆம்பூர்ல புலிக்கு நான் எங்க போறது?”

“ஆட்டுத்தோலு ரெண்டு குடு, தெச்சுக்கறேன். முடி மட்டும் போவக்கூடாது.”

“முடியோடயா! ஏங்கா, முடி எடுக்கறதுக்குத்தான் மொதலாளி எங்களுக்குச் சம்பளமே குடுக்கறாரு. திடீர்னு வெச்சுக்கோன்னா இந்தக் கை கேக்குமா?”

“கேக்கச் சொல்லு. என் பேரன் பார்வதியாக்கும்.”

“அந்தக் குறும்புக்காரப் பையனா? யா அல்லா! செரி, போட்டுத் தர்றேன். ஆனா அவசரப்படக் கூடாது, நாப்பது நாளு பட்டைத் தண்ணில கெடக்கணும். ஒரு வாரம் கம்மியானாலும் மேடைல பேஜாரா பூடும்.”

நாற்பது நாளும் தொட்டியில் கிடந்தது, அதற்கு நானே சாட்சி. நான் கையே வைக்கவில்லை. வெளியே எடுத்த பிறகு துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட கறுப்புச் சாயத்தில், தோல் ஷாப்பில் செய்கிறபடியே, கோடு போட்டேன். என் வெள்ளாடு அதைப் பார்த்து இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை, அவ்வளவு அச்சு அசல். சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஜோலார்பேட்டையில் வண்டி மாறித் திருப்பத்தூர் வந்து சேர்ந்தேன். கொட்டகை வாசலில் நின்ற உங்கள் ஆள் தோலை வாங்கிக்கொண்டு, “பசங்களைப் பாக்கக் கூடாதும்மா, வாத்தியார் உத்தரவு” என்று என்னை வெளியே நிறுத்திவிட்டான். நான் கொண்டுவந்த தோல் உள்ளே போனது, நான் போகக் கூடாது. சரியென்று தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன்.

திரை விலகி அவன் வந்தான். வாத்தியாரய்யா, வந்தது அவன் இல்லை. ஆரோக்கியமேரி வந்தாள். என் மகள் ஒன்றைக் கேட்க நினைத்துக் கேட்காமல் நிற்கும்போது சேலைத் தலைப்பை ஆள்காட்டி விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், திரும்பச் சுற்றுவாள். அவனும் அதையே செய்தான். நாலு வயசுப் பிள்ளைக்கு அது எப்படி ஞாபகம் இருந்தது, யார் சொல்லிக் கொடுத்தது? நீங்களா? நீங்கள் என் மகளைப் பார்த்ததே இல்லையே.

அதற்குள் விளக்குச் சூட்டில் தோல் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருவன், “யோவ், எவன்யா செருப்பைக் கழட்டினது?” என்றான். இன்னொருவன், “செருப்பு இல்லய்யா, சிவன் கிட்டேருந்து வர்து!” என்றான். தவத்திலிருந்த சாமிநாதன் பாவம், மூக்கை மட்டும் சுளித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். பிறகு மூன்று நாய்கள் கொட்டகைத் தடுக்கைக் கிழித்துக்கொண்டு நேராக மேடை ஏறின. அதுவும் போகட்டும் என்றால், சாயத்திலிருந்த வெல்லத்துக்கு எறும்பு சாரை சாரையாக வந்திருக்கிறது. “ஐயோ!” என்று பரமசிவன் எழுந்தார், கூடவே புலியும் எழுந்தது. அவர் பின்னால் கொத்துக் கொத்தாக ஆட்டுமுடி ஒட்டியிருந்தது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஆர்மோனியக்காரர் பெட்டியைப் போட்டுவிட்டு நாயை விரட்ட ஓடினார். நீங்கள் ஓரத்திலிருந்து “திரை! திரை!” என்று கத்தினது என் காதிலும் விழுந்தது.

அப்போது அவன் என்ன செய்தான் என்று நீங்கள் கோபத்தில் கவனிக்கவில்லையோ என்னவோ. ஒரு அடி முன்னால் வந்து, “சுவாமி, தாங்கள் உரித்த புலிக்கு இன்னும் தங்கள்மேல் கோபம் தீரவில்லை. பூதகணங்களோ பசித்து வந்திருக்கின்றன. நான் தாலாட்டுகிறேன், எல்லோரும் உறங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, ஆர்மோனியமும் இல்லாமல் பாடினான். அது நாடகப் பாட்டு இல்லை. அவன் தாய் போன பிறகு நான் அவனைத் தூங்கவைக்கப் பாடினது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஒரு நாய் அவன் காலடியில் படுத்தேவிட்டது. பக்கத்தில் இருந்த பொம்பளை மூக்கைச் சிந்தி, “யார் பெத்த புள்ளயோ, மகராசி” என்றாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், பாட்டு கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளையையா ரயில் ஏற்றுகிறீர்கள்? இங்கே வந்தால் அவனுக்குப் பட்டைத் தொட்டிதான். தப்பு அவன்மேல் இல்லை. தை மாசப் பனி தோலைக் காயவிடவில்லை. பட்டை விற்றவன் பழைய பட்டை கொடுத்தான். கலீமுல்லாவுக்கு வயசாகிவிட்டது, நாளை எண்ணத் தெரியவில்லை. இவர்கள் மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் திட்டுங்கள், பனியைத் திட்டினால் உங்களுக்கும் நல்லது, அது திருப்பிப் பேசாது. பையனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. இப்போது அதை முழுக்கப் படித்துவிட்டேன்.

உங்கள் கொட்டகையில் மழை ஒழுகாமலும், விளக்கு அணையாமலும், தரை டிக்கெட்டெல்லாம் நிறைந்தும், முப்பது பிள்ளைகளுக்கும் குரல் உடையாமலும் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
ச. சவுரியம்மாள்
(சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே எழுதினதைக் கலீமுல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். நாளை எண்ணத் தெரியவில்லை என்ற இடத்தில் அவர் எழுந்து போய்விட்டார். ஆகையால் இதை எழுதுகிறேன். தோல் நாற்பது நாள் ஊறவில்லை. போன கிறிஸ்துமசுக்கு உங்கள் கார்டு வராமல் போனதும், ஊறப்போட்ட பதினெட்டாம் நாளே நான் போய் அதைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். “திரும்பப் போடுக்கா” என்று மேஸ்திரி மூன்று தரம் சொன்னார். முப்பது வருஷம் தோல் ஷாப்புக்காரருக்குச் சோறு போட்டவளுக்கு நாள் கணக்குத் தெரியாதா? மேடையில் நாறட்டும், வாத்தியார் கோபத்தில் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். நான் நினைத்தபடியே நீங்கள் அனுப்புகிறீர்கள். அவன் பாடினதைக் கேட்காமல் இருந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். எனக்காகத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான், நான் வேண்டுமென்றே செய்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். சனிக்கிழமை பாசஞ்சர் வரும் நேரத்துக்கு ரயிலடிக்குப் போவேன். அவன் இறங்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி. தப்பித் தவறி இறங்கிவிட்டால் வெறுங்கையோடு நிற்கக் கூடாதே என்று கடலை உருண்டை கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறேன்.