ஈரக் காலணிகள்

தன் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நுழைந்து, படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார் தூர்லைஃப். பல்வலி என்று பொய் சொல்லி, தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகையிலிருந்து பெர்கன் நகரத்து மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தார். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

அவரிடம் பியானோ கற்க வருகிறவர்களுக்கு ஒரே சட்டம். எட்டு வயதானாலும் எண்பதானாலும் முதல் வருடம் ஸ்வர வரிசை மட்டும். பாட்டு கிடையாது. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் இங்கெரிட் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது. வரிசை முடியறதுக்குள்ள நான் முடிஞ்சுட்டா?"

"விரல் சுத்தமா இருக்கும்ல," என்றார் தூர்லைஃப்.

பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். மீதிப்பேர் நிற்காததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. போன வாரம் எட்டு வயது தூவா, வரிசைக்கு நடுவே தன்னையறியாமல், அவர் சொல்லித்தராத ஒரு தாலாட்டுக்குள் போய்விட்டுத் திரும்பினாள். வியாழக்கிழமைகளில் அவர் ஒத்திகைக்குப் போனதும், வீட்டில் பியானோ இல்லாத மாணவர்கள் இங்கே வந்து பழகுவார்கள். அப்போது வீட்டில் இருப்பது மனைவி டாக்னி. வாஃபிள் சுட்டுத் தருவதோடு தன் வேலை முடிந்தது என்பது அவள் கட்சி.

டாக்னியும் ஒருகாலத்தில் அவர் மாணவிதான். கல்யாணமான புதிதில், மூன்று மாதம். இந்தக் கைக்கு இது வராது, விட்டுவிடு என்று அவர்தான் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. முப்பத்தோரு வருடமாகத் தூசு துடைக்க மட்டும் அந்தப் பியானோவைத் தொட்டாள் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

சுவருக்கு அப்பால் தாலாட்டு தொடங்கியது. வாசிப்பது தூவா இல்லை. இடது கை சற்றே பிந்தியது. அந்தப் பிந்தல் அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் அன்று விடச் சொன்னார். இப்போது அது பிசகாகக் கேட்கவில்லை. தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் காலை மெல்ல எடுத்து வைப்பதுபோல இருந்தது. பிடிக்க வந்தவர், கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

வாசல் மணி அடித்தது. பாட்டு பாதியில் நின்றது. வந்தது இங்கெரிட்.

"டாக்னி, உன் புருஷன் ஒத்திகைக்குப் போகலையா?"

"போயிருக்கானே."

"அப்போ காலை இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கான். பாரு, ஷூ ரெண்டும் சொட்டச் சொட்ட நிக்குது."

திருட வந்தால்கூட வாசலில் காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வருகிற ஊர் அது.

பிறகு ஸ்வர வரிசை. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். அவருடைய சட்டப்படி ஒரு பிசகும் இல்லாமல் ஒரு மணி நேரம். இவ்வளவு அலுப்பான சங்கீதத்தை அவர் கேட்டதே இல்லை.

வெளியே வந்ததும் பல்வலி என்றார். இங்கெரிட் அடுப்படி விளக்கடியில் உட்காரவைத்து, தேக்கரண்டியால் பல் பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. உன் விரல் மாதிரியே சுத்தமா இருக்கு."

இரவுச் சாப்பாட்டின்போது டாக்னி, "இன்னைக்கு நல்லா பழகினாங்க. கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

பாட்டின் மிச்சத்தை வாசிக்கிறாயா என்று கேட்க நினைத்தார். முப்பத்தோரு வருடம் குறுக்கே நின்றது. உப்பை எடு என்றார்.

அடுத்த வியாழன் மறுபடி பல்வலி. இந்த முறை காலணிகளைக் கழற்றிக் கையிலேயே எடுத்துவந்து, படுக்கையறைக்குள் மடியில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கவில்லை. தாலாட்டு, பிந்தும் இடது கையோடு, கடைசிவரை வந்தது.

கதவைத் திறந்தார். வாசலிலிருந்து அவர் அறைவரைக்கும் தரையில் சொட்டுச் சொட்டாக மழைத்தண்ணீர். சொட்டு முடிகிற இடத்தில் ஒரு தட்டு. சூடு ஆறாத வாஃபிள். பக்கத்தில் மடித்துவைத்த பழைய செய்தித்தாள்.

தூர்லைஃப் தரையில் உட்கார்ந்து, தாளைக் கிழித்துக் கசக்கி, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக் காலணிகளுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்தார்.