கியூசி சார் உடைத்த தரை

அந்தச் சனிக்கிழமை காலை ஷெட்டில் இருந்தவர்கள்: முதுகலை ஓவிய, சிற்ப மாணவர்களாகிய நாங்கள் ஐந்து பேர், கியூசி சார், மாம்பழப் பெட்டிகளால் நான் கட்டிய ஒரு வீடு. இல்லாதவர்கள்: துறைத்தலைவர், மின்சாரம், ஷெட்டின் சொந்தக்காரர். சொந்தக்காரர் மட்டும் இருந்திருந்தால் நான் இன்னும் முதுகலை முடித்திருக்க மாட்டேன்.

கியூசி சாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடவுள் உலகத்தைப் படைத்து முடித்தபோது இவர் பக்கத்தில் நின்றிருந்தால், பாதிக்கு மேல் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் போல்ட்டுகளைச் சோதித்து, நல்லது கெட்டது பிரித்தவர். குவாலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாகக் கியூசி என்ற அந்தப் பிரிவின் பெயரே அவர் பெயராகிவிட்டது. கல்லூரியில் எங்களுக்கு இடம் போதவில்லை என்று, சூளகிரியிலேயே கல்லூரிக்கு அடுத்த தெருவில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலை ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, "இதுதான் உங்கள் ஸ்டூடியோ" என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ள, ஓய்வு பெற்றிருந்த கியூசி சாரை வைத்தார்கள்.

வந்த முதல் நாளே தரையில் மஞ்சள் கோடு போட்டு ஷெட்டை ஐந்தாகப் பிரித்தார். அன்றோடு எங்கள் பெயர்கள் காலாவதியாகின. நஸ்ரீன் ஒண்ணாம் நம்பர். ஆனேக்கல்லிலிருந்து வரும் லோகேஷ் மூணாம் நம்பர். நான் நாலு. என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் காலிப்பர் இருக்கும். டீக்கடையில் மெதுவடையின் ஓட்டையை அதால் அளந்து, "நேத்திக்கும் இன்னிக்கும் ரெண்டு எம்எம் வித்தியாசம். மாஸ்டர மாத்திட்டியா?" என்று கேட்டவர். மாஸ்டர் உண்மையாகவே மாறியிருந்தார்.

எங்கள் வேலைகளுக்கும் சீட்டு உண்டு. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தள்ளுபடி. நஸ்ரீனின் ஓவியத்தில் சாயம் கோடுகோடாக வழியும். அதுதான் அவளுடைய பாணி. மறுநாள் அதில் சிவப்புச் சீட்டு தொங்கியது: "லீக்கேஜ்."

"சார், அது வேணும்னே ஒழுக வுட்டது சார்!"

"வேணும்னே வுட்டாலும் லீக்கு லீக்குதாம்மா."

சண்டை சாயங்காலம் வரை நடந்தது. காலையில் வந்து பார்த்தால், ஓவியத்துக்குக் கீழே அதன் அகலத்துக்குச் சரியாக வெட்டிய தகரத் தட்டு ஒன்று இருந்தது. சிவப்புச் சீட்டும் இருந்தது. தட்டில் மட்டும் பச்சை.

தரைதான் அவருக்கு உயிர். ஒரு சொட்டுச் சாயம் விழுந்தால் கம்பெனியில் விபத்து நடந்த மாதிரி ஓடி வருவார்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். வேப்பனப்பள்ளியில் அப்பாவும் அம்மாவும் மாந்தோப்புக் கூலிகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இறுதித் தேர்வுக்கு, பழைய மாம்பழப் பெட்டிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி, எங்கள் வீட்டு முகப்பைச் செய்திருந்தேன். உயரம் ஒன்பதடி பத்து அங்குலம். மேல் வரிசைப் பெட்டிகளில், அம்மா எண்ணிக்கைக்காகக் கரியால் போட்ட கோடுகள் இருந்தன. எழுதத் தெரியாத அவளுக்கு அதுதான் கையெழுத்து. அதைப் பார்க்க அம்மா அன்று பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

ஷெட்டின் வாசல் பத்தடி. போன மாதமே கியூசி சார் வீட்டையும் வாசலையும் அளந்து பச்சைச் சீட்டுக் கட்டிவிட்டார். இரண்டு மணிக்குள் வேலை கல்லூரி மண்டபத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு கிடையாது. இன்னொரு வருடம் படிக்க வைக்க வீட்டில் வழியும் கிடையாது.

ஒன்பது மணிக்குத் தள்ளினோம். வாசலில் 'டொக்' என்று நின்றது. இரண்டு அங்குலம் இடித்தது.

சக்கரம் இல்லாமல் கனமான எதுவும் ஷெட்டில் நகரக் கூடாது என்பது கியூசி சாரின் சட்டம். முந்தின நாள் அவரே வெல்டரைக் கூட்டிவந்து, பெட்டிகளைத் தாங்கிய இரும்புச் சட்டத்துக்கு அடியில் நாலு அங்குலச் சக்கரங்களைப் பற்றவைத்திருந்தார். அதற்குப் பிறகு அளக்க அவரும் மறந்தார், நாங்களும் மறந்தோம். சக்கரத்தை அறுக்க மின்சாரம் வேண்டும். அன்று மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். சாய்த்தால் கட்டு பிரிந்துவிடும்; அவிழ்த்தால் திரும்பக் கட்ட இரண்டு நாள் ஆகும்.

நான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேல் வரிசையை அறுப்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"கைய எடுறா, நாலாம் நம்பரு."

திரும்பிப் பார்த்தேன். கியூசி சார் ஒரு சிவப்புச் சீட்டை எடுத்துத் தன் சட்டைப் பொத்தானிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

"பீஸு சரியாத்தான் கீது. பாஸ் பண்ணவன்தான் தப்பு. மூணாம் நம்பரு, கல்லு செதுக்குவியே, அந்த உளிய எல்லாம் எட்தா."

"எதுக்கு சார்?"

"தரைய ஒடைக்கணும்."

லோகேஷ் பதறிவிட்டான். "பேடா சார், வேணா சார்! உங்க ஃப்ளோர் சார் இது!"

"நீ ஒடைக்கிறியா, நான் ஒடைக்கட்டா?"

முதல் அடி அவர்தான் அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பிறகு சக்கரங்கள் போகும் தடத்தில், வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும், ஆறு பேரும் மண்டி போட்டுக் கொத்தினோம். அந்த நிலையிலும் பள்ளத்துக்குள் வெர்னியரை விட்டு, "இங்க மூணு எம்எம் கம்மி" என்று நஸ்ரீனைத் திட்டினார்.

"சார், பேசாம கொத்துங்க சார்" என்றாள் அவள்.

பன்னிரண்டரைக்கு வீடு பள்ளத்தில் இறங்கி, வாசலில் உரசாமல் வெளியே வந்தது. அடுத்த தெருதான் கல்லூரி. ஷிப்ட் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்க்க, நடுரோட்டில் வீட்டைத் தள்ளிக்கொண்டு போனோம். கியூசி சார் முன்னால் ஓடி, மண்டபக் கதவை இரண்டு தடவை அளந்தார்.

அம்மா வந்ததும் கீழே நின்றபடியே மேல் வரிசைக் கோடுகளை விரல் நீட்டி எண்ணினாள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும், "இன்னா சார், சட்டைல துணிக்கடைச் சீட்டு தொங்குது, பாக்கலயா?" என்று அவிழ்த்துத் தூரப் போட்டாள். போல்ட்டு விஷயத்தில் கம்பெனி முதலாளிக்கே வளையாதவர், அம்மாவுக்குத் தலையாட்டினார்.

நான் தேர்ச்சி பெற்றேன். திங்கட்கிழமை ஷெட்காரர் வந்து குதித்தார். தரைக்கு நாலாயிரத்து இருநூறு கேட்டார்.

"தப்பு என்னுது. நானே கட்றேன்" என்றார் கியூசி சார்.

"அதெல்லாம் முடியாது சார். தரைய கொத்தினது எத்தினி பேரு?" என்றாள் நஸ்ரீன்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஷெட்காரர் பள்ளத்தை அடைக்க ஆள் அனுப்பினார். கியூசி சார் விடவில்லை. அடுத்த வருடம் எவனாவது உயரமாகச் செய்வான் என்று, பள்ளத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, பக்கத்துச் சுவரில் பச்சைச் சீட்டு மாட்டிவிட்டார்.

உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று இப்போது யார் கேட்டாலும் நாங்கள் ஆறு என்றுதான் சொல்கிறோம். ஆளுக்கு எழுநூறு ரூபாய் ஆனது.