புது எஞ்சினுக்கு அழுக்கு பூசுகிறவர்

ரயிலில் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ரயிலைத் தவறவிடுகிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: ரயிலை வாங்குகிறவர்கள். உள்ளங்கை நீளத்தில் எஞ்சின், விரல் அகலத்தில் தண்டவாளம், வீட்டின் ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை, அதன்மேல் பஞ்சும் பசையும் குழைத்துச் செய்த மலை, மலைக்குள் சுரங்கப்பாதை, மலையடியில் ஒரு ஸ்டேஷன். குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடுவதே இல்லை.

நம் ஆள் பகலில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். புது மோட்டார் வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், "பழசு என்ன ஆச்சு? முதல்ல அதைக் கொண்டு வாங்க" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் பழைய மோட்டாரோடு சமாதானமாகிப் போய்விடுவார்கள். அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்து, தன்னிடம் உள்ள நீல எஞ்சினை உரித்து வைத்தாற்போல் இருக்கும் இன்னொரு நீல எஞ்சினின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒன்றில் கைப்பிடி வெள்ளை, மற்றதில் மஞ்சள். இதுகூடத் தெரியாத உங்களோடு என்ன பேச்சு?

இவர் வாயிலிருந்து "வாங்கினேன்" என்ற சொல் வராது. எஞ்சின் "வந்தது", "கிடைத்தது", "மாட்டியது". மனதுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால், மகளுக்கு வரன் முடித்த தகப்பனைப் போல, "நல்லதா ஒண்ணு அமைஞ்சுது" என்பார். எஞ்சின் தானாகவே தேடிக்கொண்டு வந்தது. இவர் பாவம், கையை நீட்டினார், அவ்வளவுதான்.

இழுப்பதற்குப் பெட்டிகள்? இருக்கின்றன, நாலைந்து. இழுக்கக் காத்திருக்கும் எஞ்சின்கள் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் ஓடுவது எப்போதும் ஒன்றுதான், கல்யாணமான புதிதில் வாங்கிய கறுப்புக் கிழவன். ஸ்டேஷனில் பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பயணிகள், கையில் மூட்டையோடு, அந்தக் கிழவன் வருவதையும் போவதையும் பார்த்தபடியே நிற்கிறார்கள். மற்றவற்றை ஏன் ஓட்டுவதில்லை? "ஓட்டினா சக்கரம் தேயும்."

இவர் மனைவி தையல் வேலை செய்கிறவர். துணி வெட்ட அவருக்கென்று ஒரு மேஜை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் விரித்து வெட்டுவார். யாராவது தட்டோடு வந்தால், குத்திய குண்டூசிகளோடு அத்தனையையும் சுருட்டி மார்பில் அணைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். ஒரு வாடிக்கைக்காரியின் வெள்ளைப் பட்டில் நம் ஆளின் டீ கொட்டிய அன்று பொறுமை தீர்ந்துவிட்டது.

"இனிமே புதுசா ஒரு எஞ்சின் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்துச்சுன்னா அந்த ரூம் எனக்கு. சரியா?"

"சரிம்மா" என்றார் நம் ஆள், யோசிக்காமல்.

இவ்வளவு வேகமாகச் சரி சொல்லும் கணவரை நம்பலாமா? மனைவி நம்பினார். முதல் மூன்று எஞ்சின்கள் வரை.

ஏனென்றால் இந்த இனத்துக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சைக்கிள் கடைக்கு மாடியில் ஒரு நீள அறை, வாராவாரம் கூடுவார்கள். வெளிப்பார்வைக்கு ரயில் விடுவதற்கான சங்கம். உண்மையில் உறுப்பினர்களை அவரவர் மனைவியரிடமிருந்து காப்பாற்றுவதற்கான சங்கம். புது எஞ்சின் நேராக வீட்டுக்குப் போகாது. முதலில் இங்கே வரும். வந்ததும் அதற்கு அழுக்கு பூசுவார்கள். பழுப்பு வண்ணத்தைத் தண்ணீராய்க் கரைத்து, மெல்லிய தூரிகையால் இடுக்குகளில் விட்டு, பொடித்த கரியைக் கூரையில் தேய்த்து, ஆணித்தலைக்கு ஆணித்தலை துரு வைத்து, பளபளவென்று வந்த எஞ்சினை ஒரே மாலையில் பாதி ஆயுளைக் கழித்ததாக்கிவிடுவார்கள். அது ஒரு கலை, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கலையில் நம் ஆள்தான் சங்கத்துக்கே ஆசான். பிறகு சங்கச் செயலாளர் நம் ஆளின் வீட்டுக்குப் போன் செய்வார். குரல் மனைவி காதிலும் விழ வேண்டும், அது முக்கியம்.

"சார், உங்க பச்சை எஞ்சின் ரிப்பேர் முடிஞ்சிடுச்சு. வந்து எடுத்துட்டுப் போங்க."

"அந்தப் பழசா? அதுக்குள்ளயா?"

வந்த எஞ்சினை எங்கே ஒளிப்பது? அலமாரியில் வைப்பவன் கத்துக்குட்டி. நம் ஆள் தண்டவாளத்திலேயே நிறுத்துவார். ஒன்று ஷெட்டில், ஒன்று சுரங்கத்துக்குள், ஒன்று மலைக்குப் பின்னால். எஞ்சின்களுக்கு நடுவே ஓர் எஞ்சினை யார் தேடுவார்கள்?

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். பலகையிலுள்ள எல்லா எஞ்சின்களுக்கும் ஒரே தண்டவாளம், ஒரே மின்சாரம். கையிலிருக்கும் ரிமோட்டில் எந்த எண்ணைப் போடுகிறோமோ அந்த எண்ணுள்ள எஞ்சின் மட்டும் பேச்சைக் கேட்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் மூன்றுதான். வாங்கியவர்தான் ஆளுக்கொரு எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த யாரைப் பார்த்தாலும் நம் ஆள் விரலை ஆட்டிச் சொல்லும் முதல் பாடமே இதுதான்: "பெட்டியப் பிரிச்சதும் நம்பர மாத்துங்க. அப்புறம்தான் மூச்சே விடணும்."

ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவற்றுக்கு அவர் மாற்றினாரா? எப்படி மாற்றுவார்? மாற்றினால் ஓட்டிப் பார்க்க வேண்டும்; ஓட்டினால் புதுக் குரலில் ஹாரன் கேட்கும்; கேட்டால் கூடத்தில் கத்தரிக்கோல் நிற்கும்.

ஒரு விடுமுறை நாளில் மனைவியின் தம்பி வந்தார். எலக்ட்ரீஷியன். சாப்பாட்டு மேஜைக்கு மேல் அக்காவுக்கு ஒரு விளக்கு போட்டுக் கொடுக்க வந்தவர், ஏணி எடுக்க அந்த அறைக்குள் நுழைந்தார்.

"அத்தான், இந்தப் பச்சை எஞ்சின் சூப்பரா இருக்கே! எப்ப வாங்கினீங்க?"

"அது பழசு மாப்ளே. துருவப் பாரு."

"போன தடவை இத பாக்கலையே."

"ரிப்பேர்ல இருந்துச்சு."

கூடத்தில் கத்தரிக்கோல் நின்றது. மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றார்.

"ரிப்பேர் ஆகுற அளவுக்கு அதை எப்பங்க ஓட்டுனீங்க?"

"முன்ன ஓட்டுவேம்மா. நீ கவனிச்சிருக்க மாட்ட."

"இப்ப கவனிக்கிறேன். ஓட்டுங்க."

ஓர் அறை, ஒரு மேஜை, ஓர் ஒப்பந்தம், மூன்றும் அந்த ரிமோட்டின் மேல் நின்றன. நம் ஆள் யோசித்தார். ஓட்டாவிட்டால் புதுசு என்று தெரிந்துவிடும். ஓட்டினால் பழசு என்று ஆகிவிடும். எவ்வளவு எளிது! பச்சை எஞ்சினின் எண் என்ன? மாற்றவில்லை, ஆகவே மூன்று. அதுவரை சரியாக நினைத்தார். இன்னும் ஒரே ஒரு படி மேலே நினைத்திருக்கலாம். மூன்றை அழுத்தினார். கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று முதலில் ஹாரனை அழுத்தினார்.

பச்சை எஞ்சின் கூவியது. ஷெட்டுக்குள்ளிருந்து ஒன்று கூவியது. மலைக்குப் பின்னால் ஒன்று, அடித்தொண்டையில் கூவியது. சுரங்கத்துக்குள்ளிருந்தும் ஒன்று வந்தது, கொஞ்சம் அமுங்கிய குரலில்.

"என்னங்க, நாலஞ்சு குரல் கேக்குது?"

"எதிரொலிம்மா. மலை இருக்குல்ல?"

"பஞ்சு மலையிலயா அத்தான்?" என்றார் தம்பி.

பேச்சை நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் நம் ஆள் வேகத்தைத் திருகினார். எதிரொலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஷெட்டிலிருந்து மஞ்சள் கைப்பிடிக்காரன். மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு சிவப்பு. சுரங்க வாயில் விளக்குப் போட்டுக்கொண்டு இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து நின்றிருந்ததால் பச்சையும் மஞ்சளும் ஸ்டேஷனில் முட்டிக்கொண்டு உறுமின. சிவப்பு மட்டும் வேலை முடியாத பாதை வழியே பலகையின் ஓரத்துக்குப் போனது. ரிமோட்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது. நம் ஆள் அதை மறந்துவிட்டு, "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொன்னார். பிடித்தது மனைவிதான். நழுவும் பட்டைப் பிடித்துப் பழகிய கைகள்.

திருப்பிப் பார்த்தார். மேலே துரு, கரி, எண்ணெய்க் கறை. அடியில் சக்கரங்கள் கண்ணாடியாய் மின்னின.

"மேல இவ்வளவு வயசாகியிருக்கு. காலுக்கு மட்டும் இன்னும் ஆகலையே?"

சக்கரத்தில் அழுக்கு பூசினால் மின்சாரம் ஏறாது. ஆகவே எந்த ஆசானும் அங்கே பூசுவதில்லை. இந்த நுட்பத்தை விளக்க நம் ஆள் வாயைத் திறந்தார். தம்பி ஏணியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "அக்கா, லைட்ட எந்த ரூம்ல போடட்டும்?"

"இந்த ரூம்லதான்டா."

அந்த வாரமே பலகையைச் சுவரில் கீல் வைத்து மடக்கி நிறுத்தினார்கள். மலை மடங்காது என்பதால் மலை சங்கத்துக்குப் போனது. துணி வெட்டப் புது மேஜை ஒன்று அறைக்குள் வந்தது, அதன் பின்னாலேயே தையல் சாமான்கள். தூக்கி வைத்தவர் நம் ஆள்தான், தண்டனையாக. நூல்கண்டு, பொத்தான் டப்பா எல்லாம் முடிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தார். அசையவில்லை. திறந்தார். உள்ளே துணிகள், யாருடைய அளவுக்கும் வெட்டாதவை, மடிப்புக் கலையாதவை, ஒன்றுக்கொன்று சற்றே வேறான நீலங்களில் மட்டும் ஏழெட்டு.

"இதெல்லாம் யாரோடதும்மா?"

மனைவி நூல் கோப்பதிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "என்னுதுதான். நல்ல துணி. கத்தரி வைக்க மனசு வரல."

நம் ஆள் மேலே இருந்த துணியை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தப் பதிலை முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். பெட்டியை மூடி, புது மேஜைக்கு அடியில், வெளியே தெரியாதபடி உள்ளே தள்ளி வைத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, உங்களுக்கு ரயிலும் தெரியாது, தையலும் தெரியாது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது எதையோ தேடிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட கதவின் பக்கம் போகும்போது, "நீ இரு, நான் எடுத்துத் தரேன்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிற உபகார குணம் உங்களுக்கு உண்டா? எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே இப்போது நினைவுக்கு வந்துவிட்டதே.