போர்டில் ஏறிய விவரம்

ஒரகடம்,
செவ்வாய்க்கிழமை, ஷிப்டுக்கு முன்.

மரியாதைக்குரிய சண்முகசுந்தரம் மாமா அவர்களின் சமுகத்துக்கு,

உங்கள் தங்கை மகன் இசக்கியப்பன் வாடகை அறையில் உட்கார்ந்து கும்பிட்டு எழுதுவது. இரண்டு தோள்பட்டையும் இடது முழங்காலும் போக மீதி நான் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் செல்வலட்சுமியும் சினைப்பசுவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி மாப்ளே, சரி மாப்ளே" என்று மீதியை நீங்களே முடித்துக்கொள்கிறீர்கள். இவ்வளவு வினையும் அதனால் வந்ததுதான். பேப்பர் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

மாமா, நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கவில்லை. பழைய பிரேக் டிரம் கம்பெனியில், பழைய கான்ட்ராக்டில், பழைய லைனில்தான் இருக்கிறேன். நான் ஏறி நின்ற போர்டு கரன்ட்டு போர்டு அல்ல. கடலில் அலை வரும்போது அதன்மேல் ஏறி நிற்கிற நீளப் பலகை. அதற்கும் போர்டு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், நான் என்ன செய்ய?

நடந்தது இதுதான். முதல்முதலாகக் கடலில் நின்ற அன்று சந்தோஷம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டு, "எம்மா, சின்ன போர்டு எனக்கு ஒத்து வரலைன்னு பெரிய போர்டுக்கு மாத்திட்டாங்க. இன்னைக்கு ஏறி நின்னுட்டேன், எல்லாரும் கை தட்டுனாங்க" என்றேன். அம்மா அழுதுகொண்டே உங்கள் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். "கம்பெனிக்காரனுக்கு எம் மவளத் தரமாட்டேன், இன்னைக்கு உள்ள இருப்பான், நாளைக்குக் கேட்டுக்கு வெளிய நிப்பான்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த நீங்கள் அன்று சாயங்காலமே சம்மதம் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். நினைவிருக்கிறதா? "எந்த செக்‌ஷன் மாப்ளே?" என்று கேட்டீர்கள். "கோவளம் மாமா" என்றேன். "கஷ்டமான சோலியோ?" "ஒரு தடவை நிக்கதுக்கு நூறு தடவை விழணும் மாமா." "கயிறு கட்டித்தான ஏறுவ?" "ஆமா மாமா, காலுல கட்டிருவாங்க." "காலுலயா? இடுப்புல இல்லியா?" "காலுலதான். விழுந்தா போர்டு நம்மள விட்டுப் போயிரக்கூடாதுல்லா?" "சரி மாப்ளே, சரி மாப்ளே, கவர்மென்ட்டு பாத்துக்கிடும்" என்றீர்கள். நான் விழுவதற்கும் கவர்மென்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பதற்குள் பூ வைக்கிற தேதியைச் சொல்லிவிட்டீர்கள். அதற்குமேல் என் காதில் எதுவும் விழவில்லை. போன வாரம் ஊரிலிருந்து உச்சிமாகாளி அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, நம்ம பம்புசெட்டுக்குத் தனியா ஒரு கம்பம் நட்டுக் குடுத்துரு" என்றபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் டிரம் வரும், விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பேன், அனுப்புவேன். ஏழாம் நாளும் காதுக்குள் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன். அங்கே அலைமேல் பலகை விடக் கற்றுத்தருகிற சாம்சன் என்பவர் சிரித்த முகமாக ஒரு போர்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் பார்க்க அழகாக, குட்டையாக, மெல்லிசாக இருந்த ஒன்றை எடுத்தேன். நான் படுத்ததும் அது முங்கியது, நானும் முங்கினேன். "அண்ணே, அது அலையில வளந்தவனுக்கு. நீ கதவு சைசுல ஒண்ணு எட்து முதல்ல மெதக்கக் கத்துக்க, நிக்கறத அப்பால பாத்துக்கலாம்" என்றார். கதவு மிதந்தது. ஆனால் இருபது தடவை கையால் தண்ணீரை வலிப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது. "நிக்கறது ரெண்டு செகண்டு வேலண்ணே. மீதி பூரா கையால தண்ணி வலிக்கறதுதான். கைக்கு வலு ஏத்திக்கினு வா" என்று அனுப்பிவிட்டார்.

அதனால் ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி, பெஞ்சில் குப்புறப் படுத்து, தினமும் இருநூறு தடவை இழுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் வீட்டுக்கார அம்மா தாயாரம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எனக்கு வலிப்பு என்று நினைத்து, இரும்புச் சாவிக்கொத்தை என் கையில் திணித்துவிட்டார். "இன்னாபா இது, தண்ணியே இல்லாம நீச்சல் அடிச்சுக்கினு கீற!" விவரம் சொன்னபின் இப்போது அவரே நாற்காலி போட்டு எண்ணுகிறார். நூற்றைம்பதில் நிறுத்தினால் விடுவதில்லை. கம்பெனி பஸ்ஸில் உட்கார இடமிருந்தாலும் கம்பியைப் பிடிக்காமல் முழங்காலை மடக்கி நின்றே போகிறேன், ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு ஓர் அலை. ஒருநாள் லைனில் டிரம்கள் வரிசையாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் என்னை அறியாமல் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்து, கையை விரித்து நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் பகலவன் லைனை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "இன்னா டிஃபெக்ட்டு?" என்று கேட்டார். எந்த டிரம்மைக் காட்டுவது?

ஆனால் மாமா, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், போர்டின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்காரும்போது ஒரு வாரத்துத் தட்டல் சத்தமும் காதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போய்விடும். வெயிலும் தண்ணீரும் ஒரே நிறமாக இருக்கும். கரையில் ஆட்கள் எறும்பாகத் தெரிவார்கள், நான் எந்த ஷிப்ட் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பின்னாலிருந்து ஒன்று வந்து மெதுவாகத் தூக்கும். பதறாமல், காலைப் பார்க்காமல், போகிற திசையைப் பார்த்து எழுந்தால் நான்கு விநாடி நிற்கலாம். அந்த நான்கு விநாடி என் பெயர்கூட எனக்கு மறந்துபோகும். செல்வலட்சுமி பெயர் மட்டும் மறப்பதில்லை. இதைப் பெண்ணைப் பெற்றவரிடம் எழுதக்கூடாதுதான், எழுதிவிட்டேன்.

உண்மையைப் போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளைத் தரமாட்டீர்களே என்ற பயத்தில் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு, அம்மாவைத் திட்டாதீர்கள். கொடுத்த வார்த்தையை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்னால் தாங்க முடியாது. தருவதாக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போர்டைச் சாம்சனிடம் ஒப்படைத்துவிடுகிறேன். இனிக் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், இது சத்தியம். மின்வாரியப் பரீட்சைக்கு இன்றைக்கே புத்தகம் வாங்குகிறேன்.

அத்தைக்கு என் கும்பிடு. உங்கள் முட்டுவலி குறையவும், பசு சுகமாகக் கன்று போடவும், உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு வேறு யாராவது கம்பம் நட்டுக் கொடுக்கவும் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மருமகன் என்று எழுதக் கை கூசுவதால்,
தங்கை மகன்,
இசக்கியப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் செல்வலட்சுமிக்குப் போனில் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு, "அத்தான், அப்பாவுக்குப் பத்து நாளா எல்லாம் தெரியும்" என்றாள். எனக்குச் சொல்லாமல் முறுக்குப் பையோடு கோவளத்துக்கு வந்து, டீக்கடையில் "போர்டுல வேல பாக்க பையன் எங்க இருப்பான்?" என்று கேட்டீர்களாமே. டீக்கடைக்காரர் "போர்டு பசங்களா? பீச்சாண்ட போ பெர்சு" என்று கையைக் காட்டினாராம். காலையிலிருந்து உச்சி வரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மணலில் நின்றீர்களாம். வீட்டுக்குப் போய், "அம்புட்டுத் தடவ விழுந்தான். ஒரு தடவகூட முகம் சுளிக்கலட்டீ. அவனையே கெட்டிக்க" என்று அவளிடம் சொன்னீர்களாம். ஆகையால் மேலே எழுதிய மன்னிப்பு, சத்தியம், பரீட்சை எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். போர்டை நான் கொடுப்பதாக இல்லை. "மாமா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்று அவளிடம் கேட்டேன். நான் ஒரே ஒரு முறை எழுந்து நின்றபோது கூப்பிட வாயெடுத்தீர்களாம். கூப்பிட்டால் விழுந்துவிடுவான் என்று பேசாமல் இருந்துவிட்டீர்களாம், மாமா.