காஜா பெராங் இரட்டை நாடாத் திட்டம்

ஒரு மனிதன் பிறந்தான் என்பதற்கு அந்த மனிதன் மட்டும் போதுமான அத்தாட்சி ஆகமாட்டான் என்பதை அரசாங்கங்கள் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. மலாக்காவில் காஜா பெராங் தெருப் பக்கம் அந்த உண்மை வந்து சேர்ந்தது மெர்டேகாவுக்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான். நாடு சுதந்திரம் அடையப்போகிறது, ஆளாளுக்குக் குடியுரிமைச் சுராட் என்ற பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், எடுப்பதற்கு முன்னால் எங்கே பிறந்தீர்கள் என்று காட்டுங்கள் என்றார்கள். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பாதிப் பேருடைய பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்திலேயே தொலைந்துபோயிருந்தது. சரி, பத்திரம் இல்லையென்றால் பிறந்ததை அறிந்த பெரியவர் ஒருவருடைய வாய்மொழி போதும் என்று அலுவலகத்தில் பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

கமலவேணிக்குத் தொலைக்கக்கூடப் பத்திரம் இருந்ததில்லை. அவள் பிறந்தது ஆஸ்பத்திரியிலும் இல்லை, தோட்டத்து லயத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, கிளேபாங் கடலோரச் சாலையில், ஒரு மாட்டுவண்டியில் பிறந்தாள். தோட்டத்தில் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கேள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், வந்து சேர்ந்தபோதே பிள்ளையாகத்தான் வந்தாய், நாங்கள் எப்படி எழுதுவோம் என்றார்கள். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே சாட்சி வண்டியோட்டிய மருதப்பன். அவளுக்கு அவர் பெரியப்பா முறை. தமிழ்ப்பள்ளியில் கமலவேணி தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். சுராட் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆள் வருவார் என்று மேலிடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து மருதப்பன், மகளோடு இருக்கப்போகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பல் சீட்டு எடுத்துவிட்டார்.

அந்தத் தெருவின் நலச் சபைக்குத் தலைவர் கலியாணசுந்தரம். தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் ஒத்துக்கொள்ளாதவர். பெரியவர்கள் கப்பலேறுகிறார்கள், ஏறாதவர்கள் மறந்துபோகிறார்கள், மறக்காதவர்கள் செத்துப்போகிறார்கள் என்று கவலைப்பட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் வரவழைத்தார். வாய்மொழி வாயோடுதான் வரவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையாம். அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டே வந்தார்.

இப்படியாகத் தெருவில் பிறப்பெல்லாம் நாடாவில் ஏறியது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னார் இன்ன இடத்தில் பிறந்தார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மருதப்பன் மட்டும் கப்பலேறும் நாள் காலையில்தான் வந்தார். அவர் பேச்சு நாடாவின் கடைசியில் விழுந்தது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கமலவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் பிறந்த கதையை அன்றைக்குத்தான் அவள் முழுசாகக் கேட்டாள்.

மெஷின் பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். கிராணி ஐயாவுக்கு அது போதும். இன்னொரு மெஷின் வந்தது, இன்னொரு நாடா வந்தது, கூடவே விதிகளும் வந்தன. அவற்றில் ஏழாவது விதிதான் திட்டத்தின் உயிர்நாடி. முதல் நாடாவும் துணை நாடாவும் எக்காலத்திலும் எவ்வகையிலும் ஒன்றேபோல் இருத்தல் வேண்டும். இதற்காகச் செயலாளர் தம்பிராஜா ஞாயிறுதோறும் குளித்துத் திருநீறு பூசி, முதல் நாடாவிலிருந்து துணை நாடாவுக்கு ஆதியோடந்தமாக நகல் எடுக்க வேண்டும். எடுத்தபின் உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். தம்பிராஜா ஒரு வாரம் தவறியதில்லை. காய்ச்சலிலும் எடுத்தார்.

அதோடும் விடவில்லை. கிராணி ஐயா வீட்டிலிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து, சுவரில் ஒலிபெருக்கிப் பெட்டி மாட்டிக்கொள்வது தெருவில் நாகரிகமாகிவிட்டது. பெட்டி இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். சாயங்காலமானால் அவரவர் பிறந்த கதையை அவரவர் வீட்டிலிருந்தே கேட்கலாம். பெட்டிக்குத் திறக்கவோ மூடவோ திருகு மட்டும் கிடையாது. மின்சாரம் குறைந்த நாட்களில் மெஷின் மெதுவாக ஓடி, சாட்சி சொன்ன சாரதாம்பாள் அம்மாளின் குரல் எருமைக்குரலாக வந்தது. சபை கூடி ஆராய்ந்து, அம்மாளின் குரல் முதிர்ச்சி அடைந்துள்ளது என்று தீர்மானம் போட்டது. நாளடைவில் தெருவில் யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மகன் எந்த வருஷம் பிறந்தான் என்று கேட்டால் பெற்றவளே, அதெல்லாம் மெஷின்ல இருக்குப்பா என்பாள்.

மெர்டேகா நெருங்கியது. கொண்டாட்டத்தில் தலைமையுரை கிராணி ஐயாவுடையது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உரையைப் பேசிப் பார்த்து, தம் குரலைத் தாமே கேட்க ஆசைப்பட்டார். புது நாடா கைவசம் இல்லை. பழையதில் ஏற்று, அதுதான் துணை நாடாவில் பத்திரமாக இருக்கிறதே என்று தம்பிராஜாவிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், மறுநாள் காலை வரைக்கும் உண்மை. உரை பெட்டிகள் வழியாக எல்லா வீட்டிலும் கேட்டது. திருகு இல்லாததால் தெருவே கேட்டது. எதன்மேல் ஏறுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கமலவேணி தம்பிராஜாவைத் தேடி வந்தாள். மெர்டேகா கழிந்த மறுவாரம் அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பெரியப்பா குரலை ஒருமுறை கேட்டுவிட்டால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தாள். முதல் நாடாவைப் போட்டார்கள். பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே என்று கிராணி ஐயா ஆரம்பித்தார்.

கமலவேணி மெதுவாகத்தான் கேட்டாள்.

“துணை நாடாவுல பெரியப்பா இருப்பாருல்ல அண்ணே?”

“இருந்தாரு. இன்னிக்குக் காலையில வரைக்கும் இருந்தாரு. அப்புறம் நகல் எடுத்துட்டேன்.”

“எதுலேருந்து எதுக்கு?”

“முதல்லேருந்து துணைக்கு. விதி ஏழு.”

“முதல்லதான் ஐயா பேச்சு ஏறிடுச்சே அண்ணே.”

“ஆமாம்மா. இப்ப ரெண்டுலயும் பத்திரமா இருக்கு.”

கமலவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவிலுள்ள அத்தனை பேரும் பிறக்காதவர்களாகிவிட்டார்கள் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாடா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கிராணி ஐயா வணக்கம் கூறி விடைபெற்றார். டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால், உரை எட்டாத அந்தக் கடைசித் துண்டு நாடாவில், மருதப்பன் இருமினார்.

“...துண்டை விரிச்சு ஏந்துனேன். அதுல கெடந்ததுதான் இந்தக் கமலவேணி. அழவே இல்ல, கடலைப் பாத்துச்சு. அவ்வளவுதாம்பா, மெஷினை நிறுத்து.”

அவள் அழுதாள், சிரிக்கவும் செய்தாள். தலை போனாலும் வால் மிஞ்சியதே என்று இருந்தது.

குறித்த நாளில் கமலவேணியும் கிராணி ஐயாவும் தம்பிராஜாவும் முதல் நாடாவையும் மெஷினையும் திரிஷா என்ற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்கள். அலுவலகத்தில் ராஜரத்தினம் என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், விதியை மட்டும் மீறமாட்டார். உரை முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். மருதப்பனின் வாலையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

மருதப்பனின் சாட்சி செல்லாது என்றார். ஆரம்பம் இல்லை, சாட்சியின் பெயர் இல்லை, ஊர் இல்லை. துண்டும் கடலும் எங்கும் இருக்கக்கூடியவை. தலையில்லாத சாட்சியத்தைக் கோப்பில் எப்படி நிற்கவைப்பது என்று வருத்தத்தோடு கேட்டார். கமலவேணிக்கு இருந்த தைரியமும் போய்விட்டது.

“ஐயா, நான்தான் ஒங்க கண்ணு முன்னால நிக்கிறேனே.”

“நிற்பது தெரிகிறது, அம்மா. பிறந்ததுதான் தெரியவில்லை.”

பிறகு நாடாவைத் திருப்பிச் சுற்றச் சொன்னார். உரையில் ஓர் இடத்தை மறுபடி கேட்டார். இந்த மண்ணில் பிறந்த நாம் அனைவரும் என்று கிராணி ஐயா தழுதழுத்த இடம் அது. இது யாருடைய குரல் என்று அதிகாரி கேட்டார். தம்முடையது என்று கிராணி ஐயா நெஞ்சை நிமிர்த்தினார். வயதில் மூத்தவரா, மூத்தவர். பெயர் சொல்லித்தான் தொடங்கினாரா, பட்டங்களோடு தொடங்கினார். ஆரம்பமும் முடிவும் உண்டா, முடிவு சற்றுத் தாமதமாக வந்தாலும் உண்டு. அப்படியானால் இது முழுமையான வாய்மொழி என்றார் அதிகாரி. அனைவரும் என்று சாட்சி தெளிவாகக் கூறியிருப்பதால், தெருவில் விண்ணப்பித்த அனைவரும் இம்மண்ணில் பிறந்தவர்களே என்று எழுதிக் கையெழுத்திட்டார். பார்த்தவர் சொன்னது தள்ளுபடி, பார்க்காதவர் முழங்கியது ஏற்பு. கமலவேணிக்குச் சுராட் கிடைத்தது. கையில் வாங்கியபோது எல்லாக் கோபத்தையும் மீறி அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிராணி ஐயாவும் கை நீட்டினார். அதிகாரி முடியாது என்று தலையசைத்தார்.

“தாங்கள் சாட்சி. தம் பிறப்புக்குத் தாமே சாட்சி சொல்ல முடியாது. தாங்கள் பிறந்தபோது தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?”

கிராணி ஐயா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவருக்குச் சாட்சி சொல்லியிருந்த பெரியவரின் குரலும் அதே உரைக்கு அடியில்தான் கிடந்தது. வேறு யாராவது இதேபோல் ஓர் உரை ஆற்றும்வரை அவர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் என்று அதிகாரி ஆறுதல் சொன்னார்.

புறப்படும்போது நாடாவைக் கேட்டார்கள். தர முடியாது, அது இனி அரசாங்க ஆவணம் என்றார். ஆவணம் என்றால் கோப்பில் இருக்க வேண்டும், கோப்பில் இருக்க வேண்டுமென்றால் துளை வேண்டும். சிப்பந்தி குத்தூசியும் சுத்தியலும் கொண்டுவந்தார். நாடா சுற்றுக்குச் சுற்று அறுபட, சுருளோடு சேர்த்து இரண்டு துளை போட்டு, பச்சைக் கயிறு கோத்து, முடிச்சிட்டு, குரல் பார்வையிடப்பட்டது என்று மேலே எழுதினார். அந்த இலாகாவில் கோப்பு எதுவும் தொலைந்ததே இல்லை என்று அதிகாரி பெருமையாகச் சொன்னார். மெஷினை மட்டும் திரிஷாவில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். தம்பிராஜா வழியெல்லாம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தார்.

கமலவேணிக்குத் துணை நாடா இருக்கிறது என்ற தெம்பு இருந்தது. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, இனி அந்த வால் யாருக்கும் தேவையில்லை, தனக்கு மட்டும்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் லட்டு எடுத்துக்கொண்டு, பெரியப்பா இருமுவதையாவது கேட்போம் என்று போனாள்.

தம்பிராஜா குளித்துத் திருநீறு பூசியிருந்தார். மேசைமேல் துணை நாடா இருந்தது. பக்கத்தில் அடிஸ்கேல், குத்தூசி, சுத்தியல். சுருளில் இரண்டு துளை. அலுவலகத்துக்கு மறுபடி போய், சிப்பந்தியிடம் கெஞ்சி, துளைக்குத் துளை எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு வந்திருக்கிறார். பச்சைக் கயிறு கிடைக்கத்தான் பாசாரெல்லாம் அலைய வேண்டியதாயிற்றாம்.

“மயிரிழை வித்தியாசம் இல்லம்மா. நீதான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். தெருவுல மொதல்ல சுராட் வாங்கின ஆள் நீ. சபை நேத்து ஒன்னை உறுப்பினராச் சேத்துக்கிச்சு.”

கமலவேணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு நிறைவு. லட்டுப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். சுருளைக் கையில் எடுத்து, துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள். அடிஸ்கேலை வைத்து அவளும் ஒருமுறை அளந்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்றேபோல்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டாள்.