சுண்ணாம்புக் கோடும் தேயிலைப் பெட்டியும்

கிளெக்டேல், யார்க்ஷயர்,
1880 நவம்பர் 2, செவ்வாய்.

வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் உடல்நலமும் அச்சு இயந்திரத்தின் நலமும் வேண்டி எழுதுவது.

நம் ரக்பிக் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரரும், இப்போது ஆப்கானிஸ்தானத்தில் சிப்பாயுமான ஈனக் சக்டனைத் தங்கள் அக்டோபர் 29 இதழ் “கோழை” என்கிறது. அதை நம்பி, வரும் சனிக்கிழமை, ஆறாம் தேதி, கழகக் கூட்டம் அவர் பெயரைப் பலகையிலிருந்து சுரண்டப்போகிறது. சம்பவம் ஆகஸ்டு 15 என்கிறீர்கள், அது 14. பதினைந்தாம் தேதி ஞாயிறு, கர்த்தரின் ஓய்வுநாள். எங்கள் பிள்ளைகள் ஞாயிறன்று ரக்பியை நினைப்பவர்களல்லர்.

அன்று எதிரி ஒருவன் அதிகாரிகளின் தேயிலைப் பெட்டியைத் தூக்க, லெஃப்டினன்ட் மறுபுறம் பற்ற, இருவரும் இழுபறியாகவே முகாமின் எல்லையான சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உருண்டிருக்கிறார்கள். (முகாம் போட்ட மலை யாருடையது என்ற கேள்விக்கு நம் விதிப்புத்தகத்தில் இடமில்லை.) ஈனக் கைகட்டி நின்றிருக்கிறார். தாயாருக்கு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“‘என்னடா மரம் மாதிரி நிக்கிறே? வந்து பிடிடா’ன்னாரு. ‘கோட்டைத் தாண்டுறப்ப என் கை அதுல படலீங்களே ஐயா, இப்பத் தொட்டா தப்பாட்டம்’னேன். ‘இது தேயிலைடா, பாவி’ன்னாரு. ‘விதி விதிதானுங்க’ன்னேன்.”

பந்து எல்லைக்கோட்டைக் கடக்கையில் அதில் கை வைத்திருந்தவர் மட்டுமே அதற்காக மேலும் மல்லுக்கட்டலாம். 1874 முதல் இதைக் கற்பித்தவன், அன்றைய செயலாளரான நான். லெஃப்டினன்டுக்கு இரண்டு பற்கள் போயின, பெட்டியும் போயிற்று, வருந்துகிறேன். ஆனால் நேற்று முன்தினம் ஈனக்கின் தாயார் மார்த்தா சக்டன் தேவாலய வாசலிலே என்னை மறித்துக்கொண்டார்.

“பெரியவரே, அவன் ஓடியிருந்தா நானே மூஞ்சியில துப்பியிருப்பேன். நீங்க சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுத்தானே நின்னான்? இப்ப நீங்களே வாயை மூடிட்டிருந்தா எப்படி?”

குண்டுகள் பறக்கும் இடத்தில் கைகட்டி நிற்க, ஓடுவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை இதழில் இக்கடிதத்தை வெளியிட்டு, “கோழை” என்ற சொல்லைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தாருக்கும், தேதிகளைச் சரிபார்ப்பவர் எவரேனும் அங்கு இருப்பின் அவருக்கும், என் வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
ஜோசையா திரெல்கெல்டு,
முன்னாள் செயலாளர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், சரிபார்ப்பதற்காகக் கழகத்தின் பழைய குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த விதியை 1879 மார்ச் 8 அன்றே நீக்கிவிட்டிருக்கிறோம். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவர் ஈனக் சக்டன். இது நமக்குள் இருக்கட்டும். கடிதத்தை அவசியம் வெளியிடுங்கள். தேதிகள் மட்டும் வேண்டாம்.