நாற்பத்திரண்டு காளைகள் பேருந்து ஏறிய படலம்

வாழ்க, சடையாண்டி வாழ்க! தோள்வரை நீண்ட ரப்பர் உறையே கவசமாக மூவாயிரம் பசுக்களின் அந்தரங்கம் அறிந்தவனும், குளம்பால் உதை வாங்கிய தழும்புகளையே விருதுகளாகத் தொடையில் சுமப்பவனும், அய்யலூருக்கு மேற்கே மூன்றாம் மைலில் ஓட்டுக் கூரையின் கீழ் நடக்கும் கால்நடைக் கிளை நிலையத்தின் ஒரே உதவியாளனும், மருத்துவர் வராத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அதன் ஏக சக்கரவர்த்தியுமாகிய சடையாண்டி வாழ்க! தாடிக்கொம்பில் நின்றருளும் சௌந்தரராசப் பெருமாளே, இந்த வீரனின் கதையை நான் சொல்லி முடிக்கும் வரை என் நாவைக் காத்தருள்வாயாக. விந்து என்ற சொல் வரும் இடங்களில் அவையோர் முகம் சுளிக்காமல் இருக்கவும் அருள்வாயாக. இது மாட்டுக் கதை.

அந்த நிலையத்தின் மூலையில், இடுப்பளவு உயரப் பலகையின் மேல், அலுமினியத்தால் ஆன ஒரு கேன் வீற்றிருந்தது. குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் கொண்ட அதனுள், தொட்ட விரலைச் சுட்டுவிடும் அளவுக்குக் குளிர்ந்த திரவ நைட்ரஜன் இருந்தது. அந்தக் குளிர்க்கடலின் அடியில், விளக்கமாற்றுக் குச்சியிலும் மெலிந்த நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் குழல்களில், நாற்பத்திரண்டு கன்றுகளின் வருங்காலம் விந்தாய் உறைந்து கிடந்தது. எங்கோ தொலைவில், குளிர்ந்த மலைப் பண்ணை ஒன்றில், கொள்ளும் பருத்திக்கொட்டையும் தின்று கொழுத்த ஜெர்சிக் காளைகள், தோல் போர்த்திய மரச் சட்டத்தை மெய்ப்பசுவென்று மயங்கிப் பாய்ந்து, வெந்நீர் நிரப்பிய ரப்பர் குழாயில் தம் வீரியத்தை இழந்து, ஏமாந்தது கூடத் தெரியாமல் கொட்டகைக்குத் திரும்பிய கதை அந்தக் குழல்களின் முற்பிறப்பு. அய்யலூர் எங்கே இருக்கிறது என்று அந்தக் காளைகளுக்குத் தெரியாது.

கேனில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு மரக்கோல் உண்டு. கோலை அடிவரை விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்துக் காற்றில் வீசினால், நைட்ரஜனில் முழுகிய உயரம் வரை வெண்பனி பூக்கும். அது எத்தனை அங்குலமோ அத்தனை அங்குலம் இருப்பு. இந்தச் சாத்திரத்தைக் கரைத்துக் குடித்த சடையாண்டிக்கே சனி பிடித்த கதையை என்னவென்று சொல்வேன்! பதினைந்து நாட்களுக்கு முன், மேலதிகாரி வருகிறார் என்ற செய்தி கேட்டு, அலமாரி துடைத்து, தரை கழுவி, சுத்தத்தின் வெறியில் அந்தக் கோலையும் சோப்புப் போட்டுக் கழுவினான். ஈரம் காயுமுன்னே அதைக் கேனில் விட்டான். ஈரக் கோல் நுனி முதல் பிடி வரை வெள்ளை வெளேரென்று உறைந்து வந்தது. அதைக் கண்டு அகமகிழ்ந்த நம் நாயகன், நைட்ரஜன் கொண்டுவந்த வண்டிக்காரரிடம், "எங்க கேன்ல தளும்பத் தளும்பக் கெடக்கு, இல்லாதவுகளுக்கு ஊத்துங்க" என்று வள்ளலைப் போல் கையசைத்து அனுப்பிவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு, சித்திரை மாதம், வியாழக்கிழமை காலை. காய்ந்த கோலை விட்டு எடுத்தான். ஒன்றரை அங்குலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டான். ஒன்றரை அங்குலமேதான். அடுத்த வண்டி வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அந்த வேளையில்தான் வாசலில் வந்து நின்றாள் தக்காளித் தோட்டத்து ஒச்சாயி. அவளுடைய செவலைப் பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டிருந்தான் சடையாண்டி. மூன்று முறையும் சினை தங்காமல், இருபத்தோராம் நாள் வந்ததும் பசு காளைக்குக் கத்திவிட்டது.

"டாக்டரய்யா, செவல விடியக்காலம் பிடிச்சுக் கத்துது. இந்தத் தடவையும் தங்கலேன்னா லாரில ஏத்திவிட்ருவேன்னு எங்க வீட்டுக்காரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. கண்ணுக்குட்டியா இருக்கையில என் கையால கஞ்சி ஊத்தி வளத்தது அய்யா. அது போயிட்டா எனக்குச் சோறு எறங்காது."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. டாக்டராக இல்லாதவனை டாக்டரய்யா என்று ஊரே அழைத்தது. அந்த அழைப்பின் பாரம் அன்றுதான் அவன் தோளில் ஏறி உட்கார்ந்தது. காலையில் கத்தும் பசுவுக்கு மாலையில் ஊசி என்பது தொழில் விதி. மாலைக்குள் கேன் வறண்டால் நாற்பத்திரண்டும் மாண்டுபோகும். திண்டுக்கல் போய் நிரப்பிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும்.

"சாயங்காலம் வாரேன்மா. செவல எங்கயும் போகாது" என்று வஞ்சினம் உரைத்து, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, கேனைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அய்யலூர்ப் பேருந்து நிறுத்தத்துக்குப் புறப்பட்டான்.

அந்தோ, அன்று அய்யலூர் ஆட்டுச் சந்தை! குட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிய வியாபாரிகளும், கயிறும் குச்சியும் ஏந்திய தரகர்களும், புழுக்கை நாற்றமும் புழுதியும் ஒன்றாய்க் கலந்து திண்டுக்கல் பேருந்தை முற்றுகையிட்ட காட்சியை எந்த உலாவில் பாடுவது, எந்தப் பரணியில் அடக்குவது! முழங்கைகள் மோத, செருப்புகள் தொலைய, "ஏலே, கால மிதிக்காதடா" என்ற போர்முழக்கம் விண்ணைப் பிளக்க, அந்தச் சேனையின் நடுவே கேனைத் தலைக்குமேல் தூக்கியபடி சடையாண்டி புகுந்தான். காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், பின்வாசலை ஒட்டிய சன்னல் இருக்கை. அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது.

சன்னல் வழியே துண்டெறிந்தவனுக்கே இருக்கை சொந்தம் என்பது எந்த அரசும் எழுதாத, எந்த அரசும் மீறத் துணியாத சட்டம். துண்டுக்கு உரியவர் மைதீன் பிச்சை, பேகம்பூர் ஆட்டு வியாபாரி, நாற்பது வருடமாக இந்தச் சந்தையில் கிடா பிடித்தவர். அவர் வெள்ளாட்டுக் குட்டியோடு முன்வாசல் வழியே நீந்தி வருவதற்குள், சடையாண்டி துண்டின் மேலேயே கேனை அமர்த்திவிட்டான். பாவம்தான். சடையாண்டிக்கும் அது தெரிந்தே இருந்தது.

"துண்டு கெடக்குறது கண்ணுக்குத் தெரியலையா தம்பி?" என்றார் மைதீன் பிச்சை.

அவன் பதில் சொல்லுமுன் வண்டி புறப்பட்டுவிட, நடத்துநர் விசிலோடு வந்தார். "யோவ், பால் கேனுக்கெல்லாம் சீட்டா? இஞ்சின் பக்கம் கொண்டுபோய் வைய்யா."

இஞ்சின் பக்கம்! தோசைக்கல்லாய்க் கொதிக்கும் அந்தத் தகர மூடியின் அருகே, இருக்கிற ஒன்றரை அங்குலத்தையும் வைத்தால் வடமதுரை வருமுன்னே கதை முடிந்துவிடும். சடையாண்டி நிமிர்ந்தான். மார்பை விரித்தான். பேருந்து முழுவதும் கேட்க முழங்கினான்.

"இது பால் கேன் இல்ல! கவர்மெண்டுச் சொத்து! உள்ள நாப்பத்திரெண்டு காள இருக்கு!"

"அப்ப நாப்பத்திரெண்டு டிக்கெட் எடு" என்றார் நடத்துநர். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு குலுக்குக் குலுங்க, தளர்வாகச் செருகிய மூடியின் இடுக்கிலிருந்து வெண்புகை கசிந்து, இருக்கை தாண்டி, ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டு தவழ்ந்தது. "கேஸு கேஸு" என்று ஒரு பெண் அலறினாள். பாதிப் பேருந்து மீதிப் பேருந்தின் மேல் ஏறியது.

"மூடிய இறுக்குய்யா!" என்று கத்தினார் நடத்துநர்.

"இறுக்குனா வெடிச்சிரும்!" என்றான் சடையாண்டி.

உண்மையை மட்டுமே பேசிய எத்தனையோ வீரர்கள் அந்த உண்மையாலேயே அழிந்தார்கள். நம் வீரனும் அவர்களோடு சேர இருந்தான். வண்டி நின்றது. "எறங்கு, கேனோட எறங்கு" என்று நடத்துநர் கதவைக் காட்டினார். சாலையின் இருபுறமும் புளியமரமும் வெயிலும் மட்டுமே இருந்தன. சடையாண்டி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சக்கரவர்த்தியின் குரல் போய், வெறும் ஆளின் குரலில், ஒச்சாயியின் பசுவைப் பற்றியும் ஈரக் கோலைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னான். தன் தவற்றை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

மைதீன் பிச்சை குனிந்து, புகையில் கையைக் காட்டிப் பார்த்தார். குட்டியை அதன் அருகே பிடித்தார். குட்டி மோந்து பார்த்துத் தும்மிவிட்டு, சடையாண்டியின் சட்டைப் பையைத் தின்ன ஆரம்பித்தது.

"பொகைக்குக் குட்டி பயப்படல, மனுசன் பயப்படுறான்" என்று அவர் நடத்துநரைப் பார்த்துச் சொன்னார். "நல்ல கெடாவுக்கு நான் பத்து சந்த அலைஞ்சிருக்கேன். நாப்பத்திரெண்டு காளைய நடுரோட்டுல எறக்கிவிட்ட பாவம் நமக்கு எதுக்கு? என் சீட்டுல அது உக்காரட்டும். நான் நின்னுக்கிறேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

இவ்வாறாக, பச்சைத் துண்டே பட்டு விரிப்பாக, கேன் சன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்க, ஆட்டு வியாபாரியும் மாட்டு உதவியாளனும் இருபுறமும் மெய்க்காப்பாளராய் நின்றுகொண்டே பதினைந்து மைல் பயணம் செய்தனர். வடமதுரைத் திருப்பத்தில் கேன் சாய்ந்தபோது நான்கு கைகள் ஒருசேரப் பாய்ந்து தாங்கின. தெறித்த ஒரு துளி சடையாண்டியின் மணிக்கட்டில் காசளவு வெள்ளைத் தழும்பை இட்டது. திண்டுக்கல்லில் இறங்கியதும் மைதீன் பிச்சை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேர் கூடக் கேட்காமல் போய்விட்டார்.

கால்நடைத் துறையின் நைட்ரஜன் கிடங்கில் கோலை விட்டுப் பார்த்தார்கள். அரை அங்குலம் இருந்தது. நாற்பத்திரண்டும் உயிரோடு இருந்தன! பெருங்கேனிலிருந்து நைட்ரஜன் சீறிப் பாய, புகை மண்டலம் எழுந்து கிடங்கையே மறைக்க, அந்த வெண்மேகத்தின் நடுவே சடையாண்டி வெற்றித் திருமகளின் மணவாளனாய் நின்றான். திரும்பும் பேருந்தில் கூட்டமே இல்லை.

செங்கதிரோன் மலைக்குப் பின் சாய்கையில், தக்காளித் தோட்டத்தில் அவன் குழலை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் இட்டு, கைக்கடிகாரம் பார்த்து முப்பது நொடி எண்ணித் துடைத்து, துப்பாக்கி என்று பேர்பெற்ற நீளமான செலுத்துகுழாயில் பொருத்தி, குலதெய்வத்தை மனத்தால் வணங்கி, கைநடுங்காமல் செலுத்தினான். செவலை வாலை ஒருமுறை ஆட்டியது. ஒச்சாயி அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எட்டுத் திசை யானைகளே, பிளிறுங்கள்! வானோரே, பூமாரி பொழியுங்கள்! தன் பிழையைத் தானே ஏற்று, பகைவனை நண்பனாக்கி, சொன்ன சொல் காத்து, சொன்ன பொழுதுக்குள் வந்து சேர்ந்த சடையாண்டியின் புகழ், கறவையும் கன்றும் உள்ள காலம்வரை திண்டுக்கல் சமவெளியெங்கும் நின்று நிலவுக!

இருபத்தோராம் நாள் காலையில் செவலை மறுபடியும் கத்தியது.